மார்பில் போட்ட வரப்பு

அன்றைக்கு டிரஸ்ஸிங் ரூமில் இருந்தவர்கள். ஜன்னல் பக்கம் டாக்டர். வாசல் பக்கம் என் அக்கா, கையில் செபமாலை. சுவரோரம் வாளியோடு ஆயா. மேசை மேல் நான், சட்டை இல்லாமல். எனக்கு இடது பக்கம் அந்த சிஸ்டர்.

ஆபரேஷன் முடிந்து அது பதினாலாம் நாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். வலது மார்பு நன்றாக ஆறியிருக்கிறது என்றார். இடது மார்பைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். சிவந்திருந்தது. தையல் ஓரத்தில் கஞ்சித்தண்ணி மாதிரி கசிந்தது. விரல் வைத்தால் சுட்டது.

"போன தடவ நல்லாத்தானே இருந்துது. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார்."

அது பொய். டாக்டருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

சிஸ்டர் பாட்டில் மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். பஞ்சுத்துணியால் ஒற்றி எடுத்தார். அதைத் தட்டில் போடாமல் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தார். துணியில் இரண்டு பொடி ஒட்டியிருந்தது. மணல்.

"கடல்ல எப்பம் எறங்குனிய?" என்றார்.

அக்கா முந்திக்கொண்டாள். "அவன் எங்கம்மா எறங்குனான்? வீட்டுலயே கெடக்கான்."

"நான் ஒங்க தம்பியக் கேக்கேன்."

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"டாக்டர்ட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா? கடல் தண்ணி பட்டுச்சுன்னா மருந்து வேற. சொல்லாம இருந்தா தப்பான மருந்து ஓடும். ஒங்க ஒடம்பு, நீங்களே பாத்துக்கிடுங்க."

டாக்டர் திரும்பி வந்ததும் நானே சொன்னேன். அக்கா "மாதாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும். இரண்டு தையலைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். படுக்கை போடச் சொன்னார். டிரிப் போடச் சொன்னார். சிவப்பு கழுத்தெலும்பைத் தாண்டினால் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அங்கே எவ்வளவு தோலை வெட்டி எடுப்பார்கள் என்று இப்போது சொல்ல முடியாது, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

சிஸ்டர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே, ஓரம் பிடித்து, என் தோலின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மணி எழுதினார்.

"இது என்னம்மா?" என்றாள் அக்கா.

"வரப்பு."

எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் திரேஸ்புரத்துக் கடற்கரை ஆட்கள். வரப்பில் நடந்தவர்கள் இல்லை.

"செவப்பு இந்த வரப்பத் தாண்டுதான்னு பாக்கணும். மூணு மணிக்கு வாரேன்."

"தாண்டாதுல்லம்மா?"

"தெரியாது," என்றார் சிஸ்டர்.

அந்த ஒரு வார்த்தைதான் அவர். அவரைப் பற்றி வேறு என்ன எழுதினாலும் அதில் வந்துதான் நிற்கும்.

அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கொற்கைப் பக்கம் ஒரு வயல் ஊர். காலையில் பஸ்ஸில் வருவார். ஒல்லி. குரல் மட்டும் பெரியது. வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். மீன் சாப்பிடமாட்டார். ஒரு நாள் அக்கா நெத்திலிக் கருவாடு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். மூக்கை மூடிக்கொண்டு வாங்கி, அப்படியே ஆயா கையில் வைத்துவிட்டார்.

"ஒங்க ஊர்ல இதயா திங்கிய?"

"ஒங்க ஊர்ல என்னத்தத் திங்கிய?" என்றாள் அக்கா.

"சோறு."

"வெறுஞ்சோறா?"

"சோறு நாத்தமடிக்காதுல்லா."

ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் தையல் இழுக்கும்.

நான் ஏன் ஆபரேஷன் செய்தேன் என்று சொல்லவேண்டும்.

பதினாலு வயதில் எனக்கு மார்பு பெருத்தது. வயது ஏறியும் அது வற்றவில்லை. நான் சங்கு குளிக்கிறவன். வாயில் காற்றுக்குழாய், இடுப்பில் ஈயம், கடலடியில் மணலைத் தடவிச் சங்கு எடுக்கிற வேலை. படகில் எல்லாரும் வெற்று உடம்பு. நான் மட்டும் பனியன் போட்டுக்கொண்டு குதிப்பேன். நனைந்தால் பனியன் ஒட்டிக் காட்டிவிடும். படகில் எனக்குப் பெயர் பால்காரன்.

"பால்காரன் வாரான்ல. டம்ளர எடு."

"ஏலே, இன்னைக்கு எத்தன லிட்டரு?"

பதினைந்து வருஷம் கேட்டேன். பதில் சொன்னதில்லை. அடித்ததும் இல்லை. ஒரு நாள் சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர், அவரும் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வயது எனக்கு.

இது கொழுப்பு மட்டும் இல்லை, உள்ளே கட்டியும் இருக்கிறது, இரண்டையும் எடுத்தால் தோல் தொங்கும், தோலையும் வெட்ட வேண்டும், காம்பை மேலே நகர்த்தித் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆறும்வரை கடல் கூடாது. காம்பு கறுக்கலாம். தையல் பிரியலாம். உணர்ச்சி போகலாம். எல்லாவற்றையும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். காகிதத்தில் இருந்ததை வாசிக்கவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றுதான். சட்டை இல்லாமல் கடலில் குதிக்கலாம்.

பிறகு நான் செய்த தப்பு.

எங்களுக்குக் கடல்தான் மருந்து. பாறை கிழித்தாலும், சங்கின் வாய் வெட்டினாலும், கடலிலேயே கழுவுவோம். எரியும். எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். எனக்குத் தெரிந்து எல்லாரும் அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் அரிப்பு தாங்கவில்லை. இறுக்கமான பனியன் ஒன்று போட்டுவிட்டிருந்தார்கள். வேர்வையில் அது உடம்போடு ஒட்டிக் கிடந்தது. காலையில் அக்கா மீன் ஏலத்துக்குப் போன பிறகு அதைக் கழற்றினேன். கட்டையும் பிரித்தேன். படகு கட்டுகிற இடத்தில் இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றேன். மேலே டீசல் மிதந்தது. மீன் கழுவிய தண்ணீர் அங்கேதான் விழும். நன்றாக எரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்:

"வெட்டுக்காயத்துக்குக் கடல் தண்ணி சரின்னே வைங்க. இது வெட்டா?"

"தையல் போட்டாச்சுல்லா."

"தையல் போட்டா மூடிட்டதாட்டு நெனச்சியளாக்கும். மேலதான் மூடிருக்கு. உள்ள எல்லாம் நண்டு வளை."

"நண்டா?"

"வயல் நண்டு. வரப்புக்குள்ள வளை போட்டுரும். மேல பாத்தா வரப்பு கெட்டியா நிக்கும். தண்ணி உள்ளயே போயிரும். ஒரு நாளு பொக்குன்னு உக்காரும்."

கட்டியை எடுத்த இடம் உள்ளே காலியாக இருக்கும், அது ஒட்டிக்கொள்ள நாளாகும், அதற்குத்தான் அந்த இறுக்கமான பனியன். டாக்டர் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார். நண்டு வளை என்றதும்தான் எனக்குப் புரிந்தது. 

முதல் கோடு போட்ட அன்றைக்கு, சொன்னபடி மூன்று மணிக்கு சிஸ்டர் வந்தார். முதல் வரப்பைச் சிவப்பு தாண்டியிருந்தது. ஒரு விரல் அகலம்.

"தாண்டிருச்சு," என்றார். இரண்டாவது கோடு போட்டார்.

எனக்குக் காய்ச்சல். பல் அடித்துக்கொண்டது. ஐம்பது அடித் தண்ணீரில் காற்றுக்குழாய் மடங்கி மூச்சு நின்றிருக்கிறது எனக்கு. அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே கை இருக்கிறது, கால் இருக்கிறது, மேலே வெளிச்சம் தெரிகிறது. இங்கே நான் செய்ய ஒன்றும் இல்லை. என் தோலில் ஒன்று நடந்து வருகிறது. நான் படுத்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், சரியாப் போயிரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றேன்.

நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் டிரிப் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கண்ணால பாத்ததத்தான் சொல்லுவேன். நாளைக்குக் காலம்பற பாக்கேன். அப்பம் சொல்லுதேன்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, ஒன் வாயில ஒரு நல்ல சொல்லே வராதா? பயந்து கெடக்கான். சரியாப் போகும்னு சொன்னா ஒன் சொத்தா கொறஞ்சுரும்?"

"இப்பம் சும்மா சொன்னேன்னு வைங்க. நாளைக்கு நெசமாவே நல்லாருக்குன்னு வந்து சொன்னா நம்புவியளா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு மறுநாள் மத்தியானம் வரை அவரோடு பேசவில்லை.

அடுத்த கட்டிலில் ஹார்பர் லாரி ஓட்டுகிற ஒரு அண்ணாச்சி கிடந்தார். சர்க்கரை. கால் விரல் புண். அவரும் கேட்டார்.

"சிஸ்டர், இந்த வெரல் நிக்குமா?"

"நிக்காதுன்னுதான் தோணுது. அடுத்த வெரல் நிக்கும், சுத்தமா வச்சிருந்தா. டாக்டர்ட்டயும் கேட்டுக்கிடுங்க."

அண்ணாச்சி தட்டைத் தூக்கி எறிந்தார். இந்தப் பொம்பளையை என் பக்கம் விடாதீர்கள் என்று கத்தினார். டாக்டர் வந்து பார்த்தார். அந்த விரலை எடுத்தார்கள். அடுத்த விரல் நின்றது. அதற்குப் பிறகு வேறு யார் கட்டுப் போட வந்தாலும் காலைத் தரமாட்டார். "அந்த ஒல்லிப் பிள்ள வரட்டும்," என்பார். வந்தால் திட்டுவார். திட்டிக்கொண்டே காலை நீட்டுவார்.

எனக்கு இரண்டாவது கோடு போட்ட மறுநாள் காலையில் அதையும் சிவப்பு தாண்டியிருந்தது. சிஸ்டர் மூன்றாவது கோட்டைக் கழுத்தெலும்புக்குக் கீழே போட்டார். எலும்புக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம். அதற்கு மேல் வரப்புப் போட இடமில்லை. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

டாக்டர் மருந்தை மாற்றினார். அக்கா திருநெல்வேலிக்குப் போக ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். தம்பி முறைக்காரன் ஒருவனிடம் வண்டி கேட்டு வைத்திருந்தாள். எனக்கு எதிரில் செய்யாமல் வராந்தாவில் நின்று செய்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

மத்தியானம் இரண்டு மணி. வெயில். ஃபேன் ஓடியும் படுக்கை சுட்டது. சிஸ்டர் வந்தார். கையைக் கழுவினார். அவர் கை கழுவினால் முழங்கை வரை கழுவுவார், அவசரமே படமாட்டார். கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். துணியை விலக்கினார். கோட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். விரலால் அழுத்தி, எடுத்து, திரும்ப அழுத்தினார்.

"தாண்டல," என்றார்.

அவ்வளவுதான். நான் நம்பினேன். டாக்டர் பிறகு வந்து மருந்து நன்றாகக் கேட்கிறது என்று நிறையப் பேசினார். அது எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அக்கா சிஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுங்கக்கா. திரும்பக் கழுவணும்."

உயிர் தப்பியது. மார்பு தப்பவில்லை. இடது காம்பு பாதி கறுத்து உதிர்ந்தது. தையல் மூன்று விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. திரும்பத் தைக்க முடியாது, கீழிருந்து தானாக வளர்ந்து மூட வேண்டும் என்றார்கள். சிஸ்டர் நீளத் துணியை மருந்தில் நனைத்து அந்தக் குழிக்குள் மடித்து மடித்து வைப்பார். முதல் நாள் அது எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டேன். பிறகு பார்ப்பதை விட்டேன்.

"பாருங்க," என்பார்.

"வேண்டாம்."

"ஒங்க ஒடம்புதான. நேத்து எப்படி இருந்துச்சு, இன்னைக்கு எப்படி இருக்குன்னு நீங்களும் பாக்கணும். நான் ஒருத்தியேவா பாக்க?"

ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். குழிக்குள் சிவப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது.

"இது நல்லதா கெட்டதா?"

"செவப்பு நல்லது."

"அன்னைக்குச் செவப்பு கெட்டதுன்னிய?"

"அது வெளிய. இது உள்ள. நாத்துப் பிடிக்குது. இன்னைக்கு நல்லாருக்கு."

நல்லாருக்கு என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழி மூட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மூடிய இடத்தில் தழும்பு கயிறு மாதிரி தடித்தது. டாக்டர் அதன் மேல் ஒட்ட ஒரு பட்டை கொடுத்தார். இறுக்கமான பனியனை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். சொன்னதை எல்லாம் செய்தேன். கடல் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அலறினாள். டம்ளர் சாய்ந்து சூடான டீ என் இடது மார்பில் கொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது தோல் கொப்புளமாகிக்கொண்டிருந்தது. வலியும் இல்லை, சூடும் இல்லை. யாரோ ஒருவன் மார்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் சம்மாட்டி கூப்பிட்டார்.

"ஏலே, திங்கக்கெழம வாரியா, இல்ல வேற ஆளப் போடட்டா? எத்தன நாளு எடத்தப் பிடிச்சு வைக்க?"

பால்காரன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கொப்புளத்துக்கு மருந்து எழுதினார். தோல் மூடிவிட்டது, தண்ணீரில் இறங்கலாம், ஆனால் உணர்ச்சி வர ஒரு வருஷம்கூட ஆகும், வராமலும் போகும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்தேன். சிஸ்டருக்கு அது அங்கே கடைசி வாரம். ஓமானில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது என்று ஆயா சொன்னாள். அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

"திங்கக்கெழம எறங்கட்டா சிஸ்டர்?"

"அடியில என்னெல்லாம் கெடக்கும்?"

சொன்னேன். பாறை உண்டு. முள்ளுள்ள மீன் உண்டு. சொறி என்கிற ஜெல்லிமீன் வந்து மேலே ஒட்டும், கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, எரிந்தால்தான் தெரியும். எரிந்த உடனே உதறிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். நெஞ்சில் நிறைய பட்டால் மூச்சு பிடிக்கும்.

"எரியலன்னா?"

நான் சட்டையைக் கழற்றினேன்.

மேசையில் படுக்கச் சொன்னார். பேனாவை மூடியோடு எடுத்தார்.

"கண்ண மூடுங்க. நான் தொடும்போது எண்ணுங்க. வாய்விட்டு எண்ணக்கூடாது."

முதலில் வலது பக்கம். ஏழு என்றேன். ஏழுதான் என்றார்.

இடது பக்கம் தொடங்குகிறேன் என்றார். எண்ணிக்கை சரியாக வந்தால் திங்கட்கிழமை போவது, வராவிட்டால் வேறு ஆளைப் போடச் சொல்லிச் சம்மாட்டிக்குச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒன்று. தெளிவாக இருந்தது. அக்குள் ஓரம் ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. ஃபேன் சத்தம். அவர் சட்டைக்கை உரசுகிற சத்தம். அவர் கை அசைகிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. காத்துக்கொண்டே கிடந்தேன். வேர்த்தது. வெகு நேரம் கழித்து விலா ஓரம் ஒன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. அது பட்டதா, பட வேண்டும் என்று நான் நினைத்தேனா, தெரியாது. சேர்த்துக்கொண்டேன்.

"முடிஞ்சுது. எத்தன?"

"நாலு."

கண்ணைத் திறந்தேன். வாசலில் நின்ற அக்கா கேட்டாள். "நாலு சரிதானம்மா?"

வேறு யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பார்கள். ஓமானுக்குப் போகிறவர். இனி நாளைக்கு வந்து எதையும் பார்க்கப் போவதில்லை. இந்த ஒரு தடவை சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

சிஸ்டர் பேனாவைப் பையில் வைத்தார்.

"பதினொண்ணு."